வீட்டுத் தோட்டத்தில் இயற்கை முறைக் காய்கறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் காய்கறி போடுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வாடிப்போன செடியின் படம் ஒன்று வரும், கூடவே ஒரே வரி: "இதுக்கு என்ன ஊத்தணும்?" பாதி நேரம் பதில், "ஒண்ணும் ஊத்தாதீங்க" என்பதுதான். அதையே நூறு பேருக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வருவன முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

உரம் போடாம, மருந்து அடிக்காம அப்படியே விட்டுட்டா அது இயற்கை முறைதானே?

இல்லை, அது கவனிக்காமல் விட்ட தோட்டம். செயற்கை உரத்தையும் ரசாயனப் பூச்சிக்கொல்லியையும் நிறுத்துவது பாதி வேலைதான். அவை செய்துவந்த வேலையை வேறு எதாவது செய்ய வேண்டும்: மக்கிய உரம், மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் சருகுப் போர்வை), பயிரை மாற்றி மாற்றிப் போடுவது, தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம்.

ரசாயன உரம் தண்ணீரில் கரைந்து நேரே வேருக்குப் போய்விடும். மக்கிய உரம் அப்படியில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் மண்புழுவும் தின்று கழித்த பிறகுதான் அதிலுள்ள சத்து செடிக்குக் கிடைக்கும். நடுவில் இருக்கும் இந்தக் கூட்டம் செழிப்பாக இருந்தால் செடியும் செழிப்பாக இருக்கும். தொட்டியில் மண் கொஞ்சம்தான், அதில் இந்தக் கூட்டமும் கொஞ்சம்தான். அதனால்தான் தொட்டிச் செடிக்கு மாதம் ஒருமுறையாவது இரண்டு கைப்பிடி மக்கிய உரம் வைக்கச் சொல்கிறோம்.

எங்க மாடியில நல்லா வெளிச்சம் வரும். வெயில் மட்டும் நாள் முழுக்க இருக்காது. காய்கறி வருமா?

வெளிச்சம் வேறு, வெயில் வேறு. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக் காய்கள் எல்லாவற்றுக்கும் நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும், 8 கிடைத்தால் இன்னும் நல்லது. கீரை, புதினா, கொத்தமல்லி 3, 4 மணி நேரத்திலேயே ஒப்பேற்றிவிடும். ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். சூரியன் பாதை மாறுவதால் ஆறு மாதம் கழித்து அந்தக் கோடு வேறு இடத்தில் இருக்கும். வெயில் இல்லாத இடத்தில் தக்காளியை வைத்துவிட்டு உரத்தைக் கூட்டினால் செடி ஒல்லியாக உயரும், காய் வராது.

தக்காளிக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேணும்? அடியில ஜல்லி போடணுமா?

தக்காளி, கத்தரி போன்றவற்றுக்குச் செடிக்கு ஒன்றாக 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு. மிளகாய்க்கு 10 லிட்டர் போதும். கீரைக்கு அகலம்தான் முக்கியம், ஆழம் 15 சென்டிமீட்டர் இருந்தால் சரி.

ஜல்லி வேண்டாம். தண்ணீர் நன்றாக வடியும் என்று நினைத்துப் போடுகிறோம், நடப்பது தலைகீழ். மென்மையான மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளிகளுக்குள் சுலபமாக இறங்காது. மண் முழுக்க ஊறிய பிறகே சொட்டும். ஆக, ஈரம் தேங்கும் மட்டம் ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறிவிடுகிறது, வேருக்கான இடமும் குறைகிறது. துளைகள் சரியாக இருந்தால் போதும். மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலை.

மாடியில் வைப்பவர்கள் எடையையும் பாருங்கள். ஈரமான 20 லிட்டர் தொட்டி ஒன்று 25 கிலோவைத் தாண்டும். முப்பது தொட்டி என்றால் முக்கால் டன். நடுத்தளத்தில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ தாங்கும் ஓரங்களில் பிரித்து வைப்பது நல்லது.

மண் கலவைக்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்களே, எது சரி?

மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு. இதில் ஆரம்பியுங்கள். வெறும் தோட்டத்து மண் தொட்டியில் நாலு முறை தண்ணீர் ஊற்றினாலே இறுகிவிடும். வெறும் கோகோபீட்டில் சத்தே கிடையாது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சு, அவ்வளவுதான். சில கட்டிகளில் உப்பு அதிகம் இருக்கும், அதனால் இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்கவும்.

கலந்த பிறகு ஒரு கைப்பிடி எடுத்து லேசாக நனைத்துப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் ஒரு தட்டுத் தட்டினால் பொலபொலவென உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் களிமண் அதிகம். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மணல் அதிகம்.

தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன், அப்படியும் இலை மஞ்சளாகி வாடுது. இன்னும் ஊத்தணுமா?

அந்த இரண்டு வேளைத் தண்ணீர்தான் பிரச்சினை. வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றால் காற்று இல்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, அதனால் செடி தாகத்தில் வாடுகிற மாதிரியே வாடும். பார்க்கிறவர் மறுபடி ஒரு சொம்பு ஊற்றுவார். நான் ஆரம்பத்தில் நாலு கத்தரிச் செடிகளை இப்படித்தான் கொன்றேன். பிடுங்கிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, இழுத்த இடத்தில் தோல் மட்டும் கையோடு வந்தது.

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் இன்று விடுமுறை. காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். நண்பகல் வெயிலில் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது நோயும் இல்லை, தாகமும் இல்லை. காலையிலேயே துவண்டிருந்தால்தான் கவலை.

மஞ்சள் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் பாருங்கள். அடியிலை மொத்தமாக வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. நுனித் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. மண்ணில் காரம் அதிகமானால் இது நடக்கும்.

சமையலறைக் கழிவை டப்பாவுல போட்டு வச்சேன். ஒரே நாத்தம், புழு வேற நெளியுது. தூக்கிப் போட்டுடவா?

வேண்டாம், காய்ந்த இலையைப் போடுங்கள். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். காய்கறித் தோலில் தழைச்சத்தும் தண்ணீரும் அதிகம். அதை மட்டும் குவித்தால் காற்றுப் புகாமல் கொழகொழத்து நாறும். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு, கிழித்த அட்டை, மரத்தூள் என்று ஏதாவது ஒன்று. நாறுகிற டப்பாவைக் கொட்டி, சருகு கலந்து, திரும்ப அள்ளிப் போட்டால் இரண்டே நாளில் நாற்றம் போய்விடும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது.

தடியாக, பழுப்பு நிறத்தில், வரிவரியாக நெளிவது பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் என்கிற ஈயின் புழு. வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டையும் மொய்க்காது. புழு கழிவை வெகு வேகமாகத் தின்று தீர்க்கும். அருவருப்பாக இருந்தால் மூடிவிட்டு நகருங்கள், அது உங்களுக்காகத்தான் உழைக்கிறது. இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், பால் பொருள் மட்டும் வீட்டு டப்பாவில் வேண்டாம். எலி வரும்.

மக்கிடுச்சுன்னு எப்படித் தெரியும்? கொஞ்சம் முன்னாடியே எடுத்துப் போட்டா என்ன?

என்ன போட்டோம் என்று அடையாளம் தெரியக் கூடாது, மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும், சூடு இருக்கக் கூடாது. சந்தேகம் என்றால் ஒரு பிடியை நனைத்து ஜிப் பையில் மூடி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது புளித்த வாடையோ நெடியோ அடித்தால் இன்னும் வேலை நடக்கிறது.

பாதி மக்கியதை வேரோடு கலந்தால், மிச்சத்தை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். செடி வெளுக்கும். அவசரம் என்றால் மண்ணின் மேலே மூடாக்காகப் பரப்புங்கள். அங்கே அது கெடுதல் செய்யாது.

தோட்டத்துல தோண்டினா வர்ற மண்புழுவையே உரத்தொட்டியில விடலாமா?

விட்டால் ஓடிவிடும், அல்லது செத்துவிடும். மண்ணைக் குடைந்து வாழும் இனம் வேறு, மேல்பரப்பில் குப்பையைத் தின்று வாழும் இனம் வேறு. உரத்துக்குப் பிந்தையது தேவை. உலகெங்கும் அதிகம் வளர்க்கப்படுவது ஐசீனியா ஃபெடிடா, வெப்பமான இடங்களில் யூட்ரிலஸ் யூஜெனியே. தோட்டத்து மண்புழு தோட்டத்திலேயே இருக்கட்டும்.

பச்சைச் சாணம் கிடைக்குது. அப்படியே கரைச்சு ஊத்தலாமா?

உண்ணும் செடிக்கு வேண்டாம். பச்சைச் சாணமும், அதைவிட அதிகமாகக் கோழி எருவும், அம்மோனியாவால் வேரைக் கருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள். பச்சையாகத் தின்னும் இலையில் தெறித்தால் கழுவிப் போக்குவது கடினம்.

அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு, வீட்டிலும் பின்பற்றலாம். மக்காத எருவை மண்ணில் கலந்தால், மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு (கீரை, முள்ளங்கி, தரையில் படரும் வெள்ளரி) அறுவடைக்கு 120 நாள் முன்பே கலந்திருக்க வேண்டும், தொடாதவற்றுக்கு 90 நாள். தொட்டித் தோட்டத்தில் அவ்வளவு காத்திருக்க முடியாது, அதனால் மக்க வைத்தே போடுங்கள். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய குவியலில், ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி பலமுறை புரட்டினால், கிருமிகள் பெரும்பாலும் அழியும். ஆனால் குவியல் ஒரு கன மீட்டராவது இருந்தால்தான் அப்படிச் சூடு ஏறும். சின்ன டப்பா அந்த அளவுக்குச் சூடேறாது. அதில் எருவைப் போடாமல் காய்கறிக் கழிவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் ஊறவச்ச தண்ணி, டீத்தூள், காபித்தூள், அடுப்புச் சாம்பல்... இதெல்லாம் நெஜமாவே வேலை செய்யுதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். கையால் நொறுக்கிப் போட்டால் அடுத்த வருடம் தொட்டியைக் கொட்டும்போதும் அப்படியே கிடக்கும். மாவாக அரைத்து அமில மண்ணில் போட்டால் மெல்லக் கரையும், கார மண்ணில் அதுவும் இல்லை. வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரில் கொஞ்சம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) இறங்கும், அதோடு பழ ஈயும் வரும். தோலை நறுக்கி உரத்தொட்டியில் போட்டால் முழுச் சத்தும் கிடைக்கும்போது எதற்கு இந்த ஊறல்? குடித்து முடித்த டீத்தூளும் காபித்தூளும் நல்ல உரத்தொட்டிச் சரக்கு. காபித்தூள் மண்ணை அமிலமாக்கும் என்பார்கள், ஆனால் அமிலம் பெரும்பாலும் நம் டம்ளருக்குப் போய்விடுகிறது, வண்டல் ஏறக்குறைய நடுநிலைதான். மேலே கெட்டியாகப் பரப்பினால் மட்டும் ஓடு கட்டித் தண்ணீரை இறங்கவிடாது.

விறகுச் சாம்பல் உண்மையிலேயே வேலை செய்யும், அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். சாம்பல்சத்தும் கால்சியமும் உண்டு, ஆனால் காரம். தளிர் வெளுத்து நரம்பு பச்சையாக நிற்கிறது என்று மேலே சொன்ன செடிக்குச் சாம்பல் போட்டால் இன்னும் மோசமாகும். பெயின்ட் அடித்த பலகையோ பிளாஸ்டிக்கோ எரிந்த சாம்பல் எந்தச் செடிக்கும் ஆகாது.

தக்காளிக் காயோட அடியில கறுப்பா அழுகுது. கால்சியம் குறைவுன்னு முட்டை ஓடு போட்டேன், நிக்கவே இல்லையே?

காயில் கால்சியம் குறைவு என்பது சரி. மண்ணில் குறைவு என்பது பெரும்பாலும் தவறு. கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். இலை அதிகம் ஆவி விடுவதால் தண்ணீர் இலைக்கு ஓடும், காய்க்குப் போவது கொஞ்சம்தான். நடுவில் இரண்டு நாள் மண் காய்ந்தால் முதலில் பட்டினி கிடப்பது காயின் அடிநுனி. பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் கறுப்பு மாறாது.

ஆகவே மருந்து, சீரான ஈரம். மண்மேல் நாலு விரல் உயரத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள், சின்னத் தொட்டியென்றால் பெரியதற்கு மாற்றுங்கள், தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள். எப்சம் உப்பு போடச் சொன்னால் கேட்காதீர்கள். அது மெக்னீசியம், கால்சியத்தோடு போட்டி போடும்.

பூவாப் பூத்துக் கொட்டுது, ஒரு காய் கூடப் பிடிக்கலை. என்ன ஊத்தணும்?

இதற்கும் ஒன்றும் ஊற்ற வேண்டாம். பூசணி, வெள்ளரி, சுரை, பீர்க்கு, பாகல் இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே வந்து உதிர்வது வழக்கம். பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம்: இதழுக்குக் கீழே அந்தக் காயே குட்டியாக, கட்டைவிரல் நகம் அளவில், ரோமத்தோடு உட்கார்ந்திருக்கும். அந்தக் குஞ்சுக் காய் இரண்டு நாளில் மஞ்சளாகிச் சுருங்கினால் தேனீ வரவில்லை என்று அர்த்தம்.

அப்போது நீங்களே தேனீ. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, மகரந்தம் அப்பிய நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்க்கவும். நேரம் முக்கியம். பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும். புடலை இருட்டும்போது விரியும். காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சுரைப்பூவைத் தேய்த்துவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் நிறைய.

தக்காளிப் பூவில் இரண்டும் ஒன்றாக இருக்கும், காம்பை விரலால் சுண்டிவிட்டால் போதும். பகலில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தக்காளி மகரந்தம் கெட்டுப்போய்ப் பூ உதிரும். அதற்கு நிழல்வலை கொஞ்சம் உதவும், மற்றபடி காத்திருக்க வேண்டியதுதான். செடி புதராக, கரும்பச்சையாக இருந்து பூவே குறைவென்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது.

மாவுப்பூச்சியும் அசுவினியும் அப்பிக்கிடக்கு. எதை அடிக்கட்டும்?

முதலில் எறும்பைப் பாருங்கள். தண்டில் எறும்பு வரிசை இருந்தால், அது இந்தப் பூச்சிகள் விடும் இனிப்பு நீருக்காக அவற்றைக் காவல் காக்கிறது. எறும்பு ஏறும் வழியை அடைத்தால், அதாவது தொட்டியின் காலைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால், இவற்றைத் தின்னும் பொறிவண்டுக்கு வழி திறக்கும். அடுத்தது தண்ணீர்க் குழாய். இலையின் அடிப்பக்கத்தைப் பீய்ச்சி அடித்தால் அசுவினியில் பெரும்பகுதி போய்விடும். மாவுப்பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவும். மிச்சத்துக்குச் சோப்புக் கரைசல். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அதிலுள்ள சேர்மானங்கள் இலையின் மெழுகைக் கரைத்துவிடும். பொட்டாசியம் சோப்பு நல்லது.

அடிக்கும் முன் உற்றுப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒருநாள் மாவுப்பூச்சிக்கு நடுவே அதைவிடப் பெரிதாக, வெள்ளைப் பஞ்சுத் திரி போர்த்தி, வேகமாக ஊர்ந்தவற்றைத் "தாய்ப் பூச்சி" என்று நினைத்து ஒவ்வொன்றாக நசுக்கினேன். அவை கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே 1891-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட இனம். மாவுப்பூச்சி அசைவது தெரியாது, இது ஓடும். அதுதான் வித்தியாசம். சாதாரணப் பொறிவண்டின் புழுவும் வண்டு மாதிரி இருக்காது. சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும்.

வேப்பெண்ணெய் அடிச்சேன், பூச்சி சாகலை, இலைதான் கருகிடுச்சு.

வெயிலில் அடித்திருப்பீர்கள், அல்லது எண்ணெய் கரையாமல் திட்டாக விழுந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 மில்லி எண்ணெய். முதலில் எண்ணெயைச் சோப்போடு குழைத்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பால் மாதிரி வெளுக்கும். மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கவில்லை என்று பொருள். இரண்டு இலையில் மட்டும் அடித்து ஒருநாள் பாருங்கள். பிறகு சாயங்காலம், தேனீக்கள் போன பின், இலையின் அடியில் அடியுங்கள்.

பூச்சி உடனே சாகாது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் தின்னும் ஆசையைக் குறைக்கும், தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். பலன் தெரியச் சில நாள் ஆகும். வெயிலில் அது சீக்கிரம் சிதையும் என்பதால் வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று தடவை வேண்டியிருக்கும்.

புகையிலைக் கஷாயம் நல்லா கேக்குமாமே? அதுவும் செடியில இருந்து வர்றதுதானே?

செடியிலிருந்து வருவது எல்லாம் சாதுவானது என்று யார் சொன்னது? நிகோடின் கடுமையான நஞ்சு, தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், தேனீயையும் பொறிவண்டையும் பேதம் பார்க்காமல் கொல்லும். இயற்கை வேளாண் விதிகளிலேயே புகையிலைத் தூளுக்குத் தடை உண்டு.

இன்னொரு தொல்லை: உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட வைரஸே புகையிலைத் தேமல் வைரஸ்தான் (1892-ல் இவானோவ்ஸ்கி, 1898-ல் பெய்ஜெரிங்க்). அது தக்காளி, மிளகாய்க்கும் தாவும், காய்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு இருக்கும். புகைபிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நாற்றைத் தொடாதீர்கள் என்பதும் இதனால்தான். அதே மாதிரி, போர்டோ கலவை போன்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லிகள் இயற்கை முறையில் அனுமதிக்கப்பட்டவைதான், ஆனால் தாமிரம் மண்ணை விட்டுப் போகாது. வருடா வருடம் சேர்ந்தால் மண்புழுவுக்கு ஆகாது.

பச்சைப் புழுவுக்கு பி.டி. தெளிக்கச் சொல்றாங்க. அது மரபணு மாத்தின சமாச்சாரம் இல்லையா?

பெயர்க் குழப்பம். பி.டி. என்பது மண்ணில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா, முழுப்பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 1901-ல் ஜப்பானில் இஷிவாதா பட்டுப்புழு நோயில் கண்டார், 1911-ல் ஜெர்மனியில் பெர்லினர் மறுபடி கண்டு, பிறகு இந்தப் பெயரை வைத்தார். அதன் நஞ்சுக்கான மரபணுவைப் பயிருக்குள் வைத்தால் அது பி.டி. பயிர். பாக்டீரியாவையே தெளித்தால் இயற்கை முறையில் அனுமதி உண்டு. தின்னும் புழுவுக்கு மட்டும்தான் கேட்கும், சாறு உறிஞ்சும் அசுவினிக்குக் கேட்காது. நாலைந்து செடிதான் என்றால் அதுகூட வேண்டாம். காலையில் புழுவைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம்.

ஹைப்ரிட் விதை போட்டா அது இயற்கைக் காய் இல்லையா?

ஹைப்ரிட் வேறு, மரபணு மாற்றம் வேறு. இரண்டு ரகங்களைக் கைமகரந்தம் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை விதைதான் ஹைப்ரிட். அதை இயற்கை முறையில் தாராளமாக வளர்க்கலாம். ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். விதை சேமிக்க ஆசை இருந்தால் நாட்டு ரகம் வாங்குங்கள், சாப்பிட மட்டும் என்றால் எதுவும் சரி.

நாட்டுச் சுரையில விதை எடுத்துப் போட்டேன், காய் கசக்குது. சமைச்சா சரியாகிடுமா?

ஆகாது, சாப்பிடாதீர்கள். இந்தக் குடும்பத்துக் காட்டுச் செடிகளில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தாலும் அழியாது, கடுமையான வாந்தி, பேதியில் கொண்டுபோய் விடும். பக்கத்தில் அதே இனத்தின் கசப்பு ரகம் இருந்து தேனீ மகரந்தம் சேர்த்திருந்தால், அந்த வருடக் காய் நன்றாகவே இருக்கும். அதன் விதையிலிருந்து வரும் அடுத்த வருடக் காயில்தான் கசப்பு தெரியும். பாகல் இயல்பிலேயே கசப்பது, அது வேறு கதை. சுரை, பூசணி, வெள்ளரி, பீர்க்கில் நுனியை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை உரக்குழிக்கு அனுப்புங்கள்.

விதைக்கென்றால், நாளை விரியப்போகிற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவைத்து, முன்னே சொன்ன மாதிரி கையால் சேர்த்து, மறுபடி கட்டிவிடுங்கள். தக்காளி பெரும்பாலும் தனக்குத்தானே சேர்ந்துகொள்ளும், இந்தப் பாடெல்லாம் வேண்டாம். விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு வழவழப்பைக் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும்.

அவசரத்துக்கு ஒரு ஸ்பூன் யூரியா போட்டா குடியா முழுகிடும்?

முழுகாது. 1828-ல் வோலர் ஆய்வகத்தில் செய்த யூரியாவும் மாட்டு மூத்திரத்தில் இருக்கும் யூரியாவும் மூலக்கூறில் ஒன்றுதான். வேர் உறிஞ்சும்போது நைட்ரேட்டும் அம்மோனியமும்தான், அது எங்கிருந்து வந்தது என்று செடி கேட்காது. இயற்கை முறைக்காரர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். தொட்டி அளவில் ஒரு ஸ்பூன் என்பதே அதிகம், வேர் கருகும். தப்பித்தால் மளமளவென்று மெல்லிய தளிர் வரும், அதைத் தேடி அசுவினி வரும். மண்ணுக்கு அதனால் கரிமம் எதுவும் கிடைக்காது. அவசரம் என்றால் பிண்ணாக்கை ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

போன தடவை போட்ட மண்ணையே திரும்பப் பயன்படுத்தலாமா? வேர்ல முண்டு முண்டா இருந்துச்சு.

எந்தச் செடியின் வேர் என்பதைப் பொறுத்தது. அவரை, பயறு வகை என்றால் அந்த முண்டு காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாவின் வீடு. நகத்தால் சுரண்டினால் தனியாக உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த மண் தங்கம். தக்காளி, கத்தரி, வெண்டை என்றால் அது வேர்முடிச்சு நூற்புழு. வேரே வீங்கியிருக்கும், தனியாக உதிராது.

நூற்புழு இருந்த மண்ணை ஈரமாக்கிக் கண்ணாடி மாதிரித் தெளிவான பாலித்தீன் பையில் மெல்லிசாகப் பரப்பி மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் போட்டு வையுங்கள். கறுப்புப் பை அவ்வளவு சூடேறாது. பிறகு மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து கீரை, வெங்காயம் என்று வேறு குடும்பப் பயிர் போடுங்கள். செண்டுமல்லி நூற்புழுவை அடக்கும் என்பது உண்மை, ஆனால் அந்த மண் முழுக்க ஒரு பருவம் அதையே வளர்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு செடி வைத்தால் அழகுக்குத்தான்.

ரோட்டோரம் பழைய வீடு. அந்த மண்ணுல விளைஞ்சதும் இயற்கைக் காய்தானா?

மருந்து அடிக்கவில்லை என்பதால் மண் சுத்தம் என்று ஆகாது. ஈயம் கலந்த பெட்ரோல் உலகில் கடைசியாக நின்றது 2021-ல், அல்ஜீரியாவில். அதுவரை புகையில் வந்த ஈயமும் பழைய சுவர்ப் பெயின்டிலிருந்து உதிர்ந்த ஈயமும் மேல்மண்ணிலேயே தங்கிக் கிடக்கும். ஒருமுறை மண் பரிசோதனை செய்துவிடுங்கள். சந்தேகம் தீராதவரை கீரையும் கிழங்கும் வெளி மண் நிரப்பிய தொட்டியில் இருக்கட்டும். தக்காளி, கத்தரி போன்ற காய்களுக்குள் ஈயம் அதிகம் ஏறுவதில்லை, ஆபத்து பெரும்பாலும் மேலே ஒட்டும் தூசியில்.

மாட்டெரு போட்ட பிறகுதான் தக்காளித் தளிர் சுருள ஆரம்பிச்சுது. எருவுல கூடவா விஷம் இருக்கும்?

இருக்கலாம். அமினோபைராலிட் போன்ற சில களைக்கொல்லிகள் புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும். மருந்தடித்த புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றையும் தாண்டி, மக்கிய பிறகும் எருவில் தங்கும். 2008-ல் பிரிட்டனில் எத்தனையோ வீட்டுத் தோட்டங்கள் இப்படிப் பாழாகி, அந்த மருந்தின் விற்பனையையே கொஞ்சகாலம் நிறுத்தி வைத்தார்கள். அறிகுறி: தளிர் பெரணி மாதிரிச் சுருண்டு, இலை குறுகிக் கிண்ணமாக மடங்கும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். வைரஸ் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். எருவென்றால் அந்த எரு போட்ட அத்தனை தொட்டியிலும் ஒரே வாரத்தில் வரும், பக்கத்தில் அவரை இருந்தால் அதுவும் சுருளும்.

அடுத்த தடவை புது எரு வந்ததும் மொத்தத்தையும் கலந்துவிடாதீர்கள். மூன்று சின்னத் தொட்டியில் எருவும் மண்ணும் சரிபாதி, மூன்றில் வெறும் மண். எல்லாவற்றிலும் நாலைந்து அவரை விதை போட்டுத் தள்ளித் தள்ளி வையுங்கள், ஒன்றில் வடிந்த தண்ணீர் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. மூன்று வாரத்தில் மூன்றாவது இலை வந்திருக்கும். எரு போட்ட தொட்டியிலும் வெறும் மண் தொட்டியிலும் இலை ஒரே மாதிரி விரிந்திருந்தால் எருவைக் கலந்துகொள்ளலாம்.